மின்தொகுப்பில் சிந்தனைக் குறிப்பு எழுதுவது எப்படி? (பி.எட். பள்ளிப் பயிற்சி)

கேள்வி: பி.எட். மாணவி, மார்த்தாண்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்காகத் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றுவருகிறேன். எங்கள் கல்லூரியில் வழக்கமான ரெக்கார்டு நோட்டுகளோடு, கூகுள் சைட்ஸில் (இணையதளம் உருவாக்கும் சேவை) ஆளுக்கொரு மின்தொகுப்பும், அதாவது பயிற்சியில் செய்தவற்றைத் தொகுத்துக் காட்டும் தளமும், உருவாக்க வேண்டும். பாடக்குறிப்பு, துணைக்கருவிகளின் படங்கள், வினாத்தாள் ஆகியவற்றை ஏற்றுவதில் சிரமம் இல்லை. ஒவ்வொன்றின் கீழும், நம் கற்பித்தலை நாமே அலசி எழுத வேண்டிய சிந்தனைக் குறிப்புதான் பிடிபடவில்லை.

ஏழாம் வகுப்பு அடர்த்திப் பாடத்துக்கு நான் எழுதியது இது: “இன்று அடர்த்தி பற்றிக் கற்பித்தேன். நல்ல தண்ணீரில் மூழ்கிய முட்டை உப்புக் கரைசலில் மிதப்பதைச் செய்து காட்டினேன். மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர். கற்பித்தல் நோக்கங்கள் நிறைவேறின. இப்பாடம் எனக்குத் தன்னம்பிக்கை அளித்தது.” இது அறிக்கைதானே தவிரச் சிந்தனைக் குறிப்பு அன்று என்று வழிகாட்டும் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இதில் வேறு என்ன சேர்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பாடம் முடியும் நேரத்தில் ஒரு மாணவன், “கடலில் போகும் வள்ளம் (படகு) ஆற்றுக்குள் வந்தால் கொஞ்சம் தாழுமா டீச்சர்?” என்று கேட்டான். வகுப்பையே கேட்டேன், எடை மாறாததால் தாழாது என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பாடக்குறிப்பில் இல்லாத கேள்வி என்பதால் இதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

பதில் 1: ஓய்வுபெற்ற கல்வியியல் விரிவுரையாளர், நாகர்கோவில்

மகளே, நீங்கள் சேர்க்காமல் விட்ட அந்தக் கேள்விதான் உங்கள் சிந்தனைக் குறிப்பு. திருப்பி வந்த பத்தியில் முட்டை பற்றிய வாக்கியம் தவிர மற்ற நான்கையும் எந்த மாணவியும் எந்தப் பாடத்துக்கும் எழுதிவிடலாம். அடர்த்தி இருக்கும் இடத்தில் ஒளிச்சேர்க்கை என்று மாற்றினாலும் அவை அப்படியே நிற்கும். குறிப்பை அனுப்புமுன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துபாருங்கள்.

சிந்தனை என்பது ஒரு தடுமாற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-லேயே எழுதினார். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதும்போது சிந்திப்பதற்கு இடமே இல்லாமல் போகிறது. உங்கள் வகுப்பிலோ மிகத் தெளிவான ஒரு தடுமாற்றம் நிகழ்ந்திருக்கிறது. முட்டை மிதந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளைகளே, அடுத்த சில நிமிடங்களில் “எடை மாறாது, ஆகவே தாழாது” என்கிறார்கள். அப்படியானால் முட்டைச் சோதனையிலிருந்து அவர்கள் எதைப் புரிந்துகொண்டார்கள்? உப்பு ஏதோ ஒரு விதத்தில் முட்டையைத் தூக்கிவிடுகிறது என்று நினைத்தார்களா? மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பதும், நீரின் அடர்த்தி குறைந்தால் விலக்க வேண்டிய பருமன் கூடும் என்பதும் அவர்கள் மனத்தில் இன்னும் சேரவில்லை என்று தெரிகிறது. வள்ளத்தின் எடை மாறவில்லை என்று அவர்கள் சொன்னது சரி, மாறுவது நீர், ஆகவே ஆற்றில் வள்ளம் கொஞ்சம் தாழும். அந்த இடத்தைப் பாடம் எட்டவில்லை என்பதை உங்களுக்குக் காட்டியவன் அந்த மாணவன். இதை எழுதுங்கள்.

தொழில்சார் கற்றலை ஆராய்ந்த டொனால்ட் ஷான் 1983-இல், செயலின் நடுவே சிந்திப்பதையும் செயல் முடிந்த பிறகு சிந்திப்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் வகுப்பிடமே திருப்பிக் கேட்டது முதல் வகை. ஏன் அப்படிச் செய்தீர்கள், அதனால் என்ன வெளிப்பட்டது என்று எழுதுவது இரண்டாம் வகை. ஆசிரியர் பணிக்கு வரப்போகும் ஒருவரிடம் நான் காண விரும்புவது இந்த இரண்டையும்தான். அழகான முகப்புப் பக்கம் எனக்கு ஒரு பொருட்டன்று.

பதில் 2: அறிவியல் ஆசிரியர், கருங்கல்

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். சான்றையும் குறிப்பையும் ஒன்றோடொன்று கட்டுங்கள் என்பது என் வேண்டுகோள். மின்தொகுப்பில் கடைப் பலகைபோல் படங்களை அடுக்கிவிட்டு, தொடர்பில்லாத ஒரு பத்தியைக் கீழே ஒட்டுவதைப் பலரிடம் பார்க்கிறேன். “வள்ளம் தாழுமா, ஏன்?” என்று கேட்டு இரண்டு வரியில் விடை எழுதச் சொல்லுங்கள், அவற்றில் மாறுபட்ட இரண்டு மூன்று விடைத்தாள்களை ஏற்றி, அவற்றைப் பற்றி எழுதுங்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு செயல்முறை சொல்கிறேன். உறிஞ்சுகுழலின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து நிமிர்ந்து மிதக்க விட்டு, நல்ல தண்ணீரிலும் உப்புக் கரைசலிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும். கடல்நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான் அதிகம் என்பதால், அதில் வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியாது. உங்கள் பிள்ளைகள் வீட்டில் கடல்நீரை எடுத்து முட்டையைப் போட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டு. புது முட்டையின் அடர்த்தி கடல்நீரைவிடக் கூடுதல் என்பதால் அது மூழ்கும். டீச்சர் சொன்னது பொய் என்று அவர்கள் வந்து நிற்கும்முன் இதை வகுப்பில் பேசிவிடுங்கள்.

பிள்ளைகளின் முகமோ பெயரோ தெரியும் படத்தைப் பெற்றோர், தலைமையாசிரியர் ஒப்புதலின்றி ஏற்றவே கூடாது. விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டுப் படமெடுங்கள். தளத்தை நீங்கள் அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

பதில் 3: எம்.எட். மாணவர், தக்கலை

எங்கள் கல்லூரியில், கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிகளைப் பின்பற்றச் சொல்கிறார்கள்: நிகழ்ந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த செயல்திட்டம். தொடங்குபவருக்கு இது உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆறுக்கும் சமமாக இடம் ஒதுக்கினால், முதல் இரண்டிலேயே பக்கம் தீர்ந்துவிடுகிறது. நிகழ்ந்ததை மூன்று வரியில் முடித்துவிட்டுப் பகுப்பாய்வுக்குப் பாதி இடம் கொடுங்கள். உணர்வு என்ற படியில் மகிழ்ச்சி, தன்னம்பிக்கை என்று எழுதுவதைவிட, அந்தக் கேள்வி வந்தபோது விடை சொல்லிவிடலாமா என்று தயங்கியிருந்தால் அந்தத் தயக்கத்தை எழுதலாம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திருத்தி எழுதிய பத்தி:

“முட்டைச் சோதனைக்குப் பிறகு ஒரு மாணவன், வள்ளம் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தால் தாழுமா என்று கேட்டான். விடையைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்பது தெரியாமல் போகும் எனக் கருதி, வகுப்பிடமே கேட்டேன். எடை மாறாததால் தாழாது என்றனர். முட்டை மிதந்ததை உப்பின் தன்மையாகக் கண்டார்களே தவிர, நீரின் அடர்த்தியோடு அதை இணைக்கவில்லை என்று ஊகிக்கிறேன். நான் நீரின் அடர்த்தியைக் குறிப்பிட்டேன். ஆனால் இரண்டு நீரையும் ஒரே பருமனில் எடைபோட்டுக் காட்டவில்லை. அடுத்த வகுப்பில் அதைச் செய்த பிறகு, உறிஞ்சுகுழலை மிதக்க விட்டு, அதே கேள்விக்கு மீண்டும் எழுத்தில் விடை பெறுவேன்.”

பதில் 1-ஐ எழுதியவர்

இதை அப்படியே ஏற்றுங்கள். “ஊகிக்கிறேன்” என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது முறை விடைகள் வந்ததும் பழைய பத்தியைத் திருத்தாமல், தேதியிட்டு அதன் கீழேயே தொடர்ந்து எழுதுங்கள். உங்கள் ஊகம் சரியா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.