வேனில் கேஸ் லைன் மாற்றும்போது: மலையில் பார்த்தவை

பட்டறைவாசி, குன்னூர்

கேம்பராக (சமைத்துத் தூங்கும் வண்டியாக) மாற்றி மலையேறி வரும் வேன்களில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: சிலிண்டரிலிருந்து அடுப்புவரை மூன்று மீட்டருக்கு ஒரே ரப்பர் ஹோஸ், அதுவும் பலகைக்குப் பின்னால். வீட்டில் ஒன்றரை மீட்டருக்குள், கண்ணெதிரே கிடக்க வேண்டிய சமாச்சாரம் அது. கம்பி பின்னிய ஆரஞ்சு சுரக்ஷா ஹோஸ் என்றாலும் 5 வருஷம்தான் கணக்கு. மறைவில் ஓடுவதெல்லாம் காப்பர் டியூப், ஹோஸ் இரண்டு முனையில் மட்டும்.

இரண்டு பர்னர் அடுப்புக்கு 8 மி.மீ. டியூப் போதும். டியூப் கட்டரால் வெட்டுங்கள். ஆக்ஸா பிளேடு போட்டால் தூள் உள்ளே விழுந்து ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளையை, அடைக்கும். உள்வாய்ப் பிசிறை எடுத்துவிட்டு முதலில் நட், அடுத்து ஃபெர்ரூல் (டியூபைக் கவ்விப் பிடிக்கும் உலோக வளையம்). டியூபை ஃபிட்டிங்கின் அடிவரை அழுத்திப் பிடித்து, நட்டைக் கையால் முடிந்தமட்டும் திருகி, அப்புறம் ஸ்பேனரால் ஒன்று முதல் ஒன்றேகால் சுற்று. பாடியைப் பிடிக்க இன்னொரு ஸ்பேனர் கட்டாயம். அதற்கு மேல் முறுக்கினால் ஃபெர்ரூல் டியூபை நெரித்துவிடும். கழற்றிப் பார்த்தால் வெள்ளரிப் பிஞ்சில் நூல் கட்டின மாதிரி கழுத்து ஒடுங்கியிருக்கும். அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புது ஃபெர்ரூலோடு ஆரம்பியுங்கள்.

இந்த நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண் வேலை. உலோகம் உலோகத்தில் உட்கார்ந்து அடைக்கிற இணைப்பு அது. டேப் நடுவில் நின்று உட்கார விடாது. மேலே எம்சீல் பூசுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கல்லட்டி36, மசினகுடி

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த வண்டியில் டியூப் விட்டுப்போவது பெரும்பாலும் நட்டின் வாயில்தான். காப்பர் ஆட ஆட விறைத்துப்போகும், விறைத்தால் மயிரிழையாக விரிசல் விடும். அரை மீட்டருக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்திலெல்லாம் குரோமெட் (ஓட்டை விளிம்புக்கு ரப்பர் வளையம்). பலகைக்குப் பின்னால் இணைப்பே வைக்காதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்கட்டும்.

லெவல்டியூப், ஊட்டி

எல்லாம் சரி, சோதனையில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். சோப்புத் தண்ணீர் கசியும் இடத்தைக் காட்டும். கசிவே இல்லை என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அதற்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இரண்டு மீட்டர் வாங்கி, யு வடிவில் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை அடுப்புக்குப் போகும் ஹோஸில் மாட்டுங்கள், மறுமுனை திறந்தே இருக்கட்டும். நம்மூர் ரெகுலேட்டர் 30 மில்லிபார். திறந்ததும் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் சுமார் 30 செ.மீ. வித்தியாசம் வரும், கேஸ் ஓடாமல் நிற்கும்போது கொஞ்சம் கூடவும் காட்டும். ரெகுலேட்டரை மூடி 5 நிமிஷம் விட்டு, திறந்த பக்கத் தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, 10 நிமிஷம் பாருங்கள். கோட்டைவிட்டு இறங்கினால் லைனில் கசிவு. ஏறினால் ரெகுலேட்டர் மூடின பிறகும் கேஸ் விடுகிறது.

இங்கேதான் மலை விளையாடும். மூடிக் கிடக்கும் லைனில் 1 டிகிரி மாறினாலே இரண்டு பக்கத் தண்ணீரின் வித்தியாசம் 3 செ.மீ. வரை மாறும். மேகம் விலகி வெயில் அடித்தால் ஏறும், மூடுபனி வந்தால் இறங்கும். நல்ல இணைப்பைக் கசிகிறது என்று பிரித்துப் பாழாக்குவதும் நடக்கும். கசிகிற இணைப்பு வெயில் தயவில் தேறிவிடுவதும் நடக்கும், அதுதான் ஆபத்து. வண்டியை நிழலில் போட்டு, கதவைச் சாத்தி, முழு மூட்டமான நாளில் செய்யுங்கள். சந்தேகமிருந்தால் மறுபடி. மேட்டுப்பாளையத்தில் அடைத்த காற்றை மேலே வந்து அளப்பதும் கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால் அளவே மாறிப்போகும்.

பூம்பாறைப்பனி, கொடைக்கானல்

லைன் மாற்றியதும் காலையில் அடுப்பு சோர்ந்தால் லைனைச் சந்தேகப்படுவார்கள். டிசம்பர், ஜனவரியில் பல நேரம் காரணம் வேறு. நம் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேனுக்கு மைனஸ் 0.5 வேண்டும். முதலில் அதிகம் போவது புரொப்பேன். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். உறைபனி விழுந்த விடியலில் கால் சிலிண்டர் கனம் இருக்கும், சுடர் இருக்காது. வெந்நீர் ஊற்றாதீர்கள், வெயில் ஏறும்வரை பொறுங்கள். சிலிண்டரைச் சாய்த்து, படுக்கப்போட்டு "அடியில் இருக்கிறதை" எடுக்க நினைப்பது இன்னும் மோசம்: திரவமே ரெகுலேட்டருக்குள் போகும்.

சுடர் மஞ்சளாக எரிந்தால் காற்று மெலிந்த உயரம் என்று நினைத்துக்கொண்டு பர்னரின் காற்றுத் திறப்பைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

பட்டறைவாசி, குன்னூர்

சிலிண்டர் பெட்டியை விட்டுவிட்டோம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். பெட்டி வண்டிக்குள் திறக்கக்கூடாது. அடியில் வெளியே போக ஓட்டை வேண்டும், சக்கரம் சேறு அடிக்கும் பக்கம் வேண்டாம். கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கும் தலைமட்டத்தில். கசிவு என்றால் 1906. வீட்டு மானிய சிலிண்டரை வேனில் வைப்பதற்கு அனுமதி இல்லை. 5 கிலோ சிலிண்டரைத் தனியாக வாங்குங்கள்.

கல்லட்டி36, மசினகுடி

மழைக்காலத்தில் அந்த ஓட்டையில் குளவி மண் வைத்து அடைக்கும் அண்ணே. வலை போட்டாலும் மாதம் ஒருமுறை கம்பி விட்டுப் பார்க்கணும்.