பி.எம். 2.5: கூறுகளைக் கூட்டினால் மொத்த எடை வரவில்லை

நுண்தூசி:
டெல்லிக் காற்றின் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான தூசி), டிசம்பர் மாதிரிகள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர், 24 மணி நேரம், 47 மி.மீ. ஃபில்டர். டெஃப்லான் ஃபில்டரில் எடையும் எக்ஸ்.ஆர்.எஃப்.பும் (எக்ஸ் கதிரால் தனிமங்களை அளப்பது), க்வார்ட்ஸ் ஃபில்டரில் அயனிகள், ஓ.சி. (கரிமக் கார்பன்), இ.சி. (புகைக்கரியில் உள்ள தனிமக் கார்பன்). கூறுகள் எல்லாம் கூட்டினாலும் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறுகிறது. மீதி எங்கே?

கரித்துகள்:
ஓ.சி.யை அப்படியே கூட்டிவிட்டீர்கள் போல. கருவி தருவது கார்பன் மட்டும். கூடவே இருக்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அதில் வராது. வாகனப் புகை மிகுந்தால் 1.4ஆல் பெருக்குங்கள், விறகு, குப்பை எரிந்த புகைக்கு 1.8 அல்லது அதற்கு மேலும் போகலாம். மண்ணின் தனிமங்களும் ஆக்சைடாகத்தான் இருக்கின்றன, ஆக்சிஜனையும் சேர்த்த மண் எடை: 2.2 அலுமினியம் + 2.49 சிலிக்கான் + 1.63 கால்சியம் + 2.42 இரும்பு + 1.94 டைட்டானியம்.

எக்ஸ்.ஆர்.எஃப். தரும் கந்தகத்தையும் அயனியாக அளந்த சல்ஃபேட்டையும் சேர்த்துக் கூட்டக்கூடாது, இரட்டிப்பாகும். ஆனால் ஒப்பிட உதவும்: கந்தகம் × 3 ஏறக்குறைய ஐ.சி. (அயனிகளை அளக்கும் அயன் குரோமடோகிராஃபி) சல்ஃபேட்டுக்குச் சமமாக வரணும். சல்ஃபேட் ரொம்பக் குறைந்தால் அது ஃபில்டரிலிருந்து நீரில் சரியாக இறங்காமல் இருந்திருக்கலாம்.

நுண்தூசி:
ஓ.சி.க்கு 1.6 போட்டேன், மண்ணையும் ஆக்சைடாக மாற்றினேன். இடைவெளி பாதியானது. மீதி நைட்ரேட் ஆவியானதாலா?

வடிதாள்:
இல்லை, திசையைப் பாருங்கள். அம்மோனியம் நைட்ரேட் டெஃப்லானிலிருந்துதான் அதிகம் ஆவியாகும். அப்போது எடைதான் குறையும், இடைவெளி சுருங்கும். க்வார்ட்ஸ் கரிம ஆவியை உறிஞ்சி ஓ.சி.யைக் கூட்டிக் காட்டும். அதுவும் சுருக்கத்தான் செய்யும். ஃபில்டரை 550 டிகிரியில் 5 மணி நேரம் சுட்டாலும் பழைய கரிமம்தான் போகும், மாதிரி எடுக்கும்போது ஒட்டுவதை அது தடுக்காது. டெஃப்லானுக்குப் பின்னால் இன்னொரு க்வார்ட்ஸ் வைத்து, அதில் வரும் ஓ.சி.யைக் கழியுங்கள். ஆக, உண்மையான இடைவெளி நீங்கள் காண்பதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

என் சந்தேகம் தண்ணீர் மேல். எடை அறையின் ஈரப்பதம் எவ்வளவு? 30–40 சதவீதத்தில் 24 மணி நேரம் வைத்தபிறகே நிறுக்கணும். அதற்கு மேலே போனால் அம்மோனியம் உப்புகள் நீரை விடாது.

குளோரைடு அளந்தீர்களா? டெல்லிக் குளிர்காலத்தில் அது கணிசம். விட்டுவிட்டால் அயனிச் சமநிலையில் (எதிர்மின், நேர்மின் அயனிகளை மின்னூட்ட அளவில் ஒப்பிடுவது) அம்மோனியம் மிஞ்சி நிற்கும்: சல்ஃபேட்/48 + நைட்ரேட்/62 + குளோரைடு/35.5, எதிரே அம்மோனியம்/18 + சோடியம்/23 + பொட்டாசியம்/39.

நுண்தூசி:
குளோரைடு இருக்கிறது. அறை 55 சதவீதம், இரவில் ஏ.சி. நிற்கிறது.

வடிதாள்:
அதே டெஃப்லான்களை 35 சதவீதத்தில் வைத்து மறுபடி நிறுங்கள், வெற்று ஃபில்டர்களையும் சேர்த்து. நிலைமின்னை நீக்காமல் வைத்தால் தராசு எண் நிற்காமல் ஓடும். இத்தனை நாளில் நைட்ரேட்டும் கொஞ்சம் போயிருக்கும் என்பதால் எடைக்குறைவு முழுதும் தண்ணீர் என்று எடுக்காதீர்கள்.