புதுப்பிப்பு: ஓவர்டிரைவ் போட்டால் பேஸ் காணாமல் போகும் பிரச்சினை தீர்ந்தது

ஓவர்டிரைவ் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும் கால் சுவிட்ச் பெட்டி) மிதித்தால், என் ஜாஸ் பேஸ் என்ற பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஒலி இசைக்குழுவின் சத்தத்துக்குள் கரைந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பாகம்), கம்பி எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பழைய ஃபிளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பிகளைக் கழற்ற எனக்கு மனமும் இல்லை. கைகொடுத்தது பிளெண்ட் பெடல் யோசனைதான்: சுத்தமான சிக்னலைத் தனி வழியில் விட்டு, கடைசியில் ஓவர்டிரைவோடு கலப்பது. கிட்டாருக்கென்று செய்த ஓவர்டிரைவ்களில் பல, கீழ் அலைவரிசைகளை முதலிலேயே வெட்டிவிடுகின்றன. பேஸின் தடித்த ஈ கம்பியோ சுமார் 41 ஹெர்ட்ஸ்தான்; அதனால் அதன் அடி ஒலி அங்கேயே போய்விடும்.

எதிர்பாராத ஒன்று: கலந்ததும் சத்தம் இன்னும் மெலிந்துபோனது! சில பெடல்கள் சிக்னலைத் தலைகீழாக்கி அனுப்பும்; அது சுத்தமான சிக்னலோடு சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிளெண்ட் பெடலில் சிக்னலைத் திருப்பிப் போடும் ஃபேஸ் சுவிட்சைத் தட்டியதும் நெஞ்சுக்குள் இறங்குகிற அந்த ஒலி வந்துவிட்டது. இப்போது பாதிக்கு மேல் சுத்தம், மீதி ஓவர்டிரைவ். சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தபோது கிக் டிரம்மோடு ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்டது.

அப்புறம், ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களின் வால்யூமையும் முழுதாகத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.