வாக்கியக் கணக்கைக் கையால் போடுபவர் தேவை

வணக்கம். நம்பிக்கையும் அறிவியலும் உரசிக்கொள்ளும் இடங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் நான். பழைய மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணக்குப்படி திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம் பற்றிய கட்டுரை பாதியில் நிற்கிறது.

2023 சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாறு பின்பற்றுவது வாக்கியத்தை. சனி ஒரு ராசியைக் கடக்கச் சுமார் இரண்டரை ஆண்டு ஆகும். அதனால் சில பாகை வித்தியாசமே மாதக்கணக்கில் விரிந்துவிடும். இது வரை எழுதிவிட்டேன். ஆனால் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போடுவதைப் பார்க்காமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. 1825-இல் புதுச்சேரியில், இந்தியக் காலக்கணிப்பு முறைகளை ஆராய்ந்த ஐரோப்பியரான ஜான் வாரன் சந்தித்த தமிழ்க் கணிதர், மனப்பாட வாய்பாட்டை வைத்துத் தரையில் சோழி அடுக்கியே சந்திர கிரகணத்தைக் கணித்தார். நடுநேரத்தில் பிழை 23 நிமிடம்தான்! இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளுவது அநியாயம். முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று புகழ்ந்து நகர்வதும் அப்படியே.

பஞ்சாங்கம் அச்சிடும் இடங்களில் கேட்டேன்: இப்போது கணினிதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பார்த்த ஜோதிடர்கள் அச்சுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே பலன் சொல்கிறார்கள். வாக்கிய முறையை விளக்கும் பழைய நூலான வாக்கியகரணத்தின், 1962-இல் சென்னையில் வெளிவந்த பதிப்பை வைத்து நானே முயன்றேன். சந்திரனின் கணக்கு வருகிறது, சனியின் கணக்கில் சிக்கிக்கொள்கிறேன்.

அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். எந்த ஊரானாலும் வருகிறேன். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டேன்.

சனியின் நிலையை வாக்கிய முறையில் கையால் கணித்துக் காட்டக்கூடியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?