எஃப் 22 போதும் என்பவருக்கு ஒரு கேள்வி

கல்லடியான்: "எஃப் 22இல் வைத்தால் பட்டப்பகலிலும் அலை பஞ்சாகிவிடும், என்.டி. ஃபில்டர் வாங்குவது வீண்செலவு" என்று வாவிக்கரையார் நேற்று எழுதியிருக்கிறார். எஃப் 22 என்பது லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கும் அளவு; என்.டி. ஃபில்டர் என்பது லென்ஸின் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; அலை பஞ்சாவது என்றால், ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்து அலை புகைபோல் மென்மையாகப் பதிவது. படித்ததிலிருந்து பொறுக்க முடியவில்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, எஃப் 16 என்றால் ஷட்டர் திறந்திருப்பது ஏறத்தாழ 1/100 நொடி. எஃப் 22 ஒளியைப் பாதியாக்கும், ஆக 1/50. இந்த நேரத்துக்குள் மட்டக்களப்புக் கல்லடிக் கடலின் எந்த அலை பஞ்சாகும்?

வாவிக்கரை: பொழுது மங்கியபின் வாவியோரம் போய் நின்றால் ஃபில்டர் இல்லாமலே பல நொடி கிடைக்கும். உங்கள் மலிவு ஃபில்டரால் பாலமே ஊதாவாகிப்போன படத்தை எல்லோரும் பார்த்தோமே!

கல்லடியான்: "பட்டப்பகலிலும்" என்று எழுதியவர் நீங்கள்தான். பொழுது மங்கும் கதையை இப்போது எதற்கு இழுக்கிறீர்கள்? ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது; பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். அதே வெயிலில், அதே எஃப் 16இல், பத்து நொடி கையில் இருக்கும். எஃப் 22 வரை துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறி, தென்னோலையின் ஈர்க்கு ஈர்க்கான கோடுகள் மழுங்கிவிடும். நிறத்தைப் பிறகு கணினியில் திருத்தலாம். இல்லாத நேரத்தை எதைக்கொண்டு திருத்துவீர்கள்?

பொத்துவிலான்: கேமரா முக்காலியை அசைக்காமல் வரிசையாக நூறு படம் எடுத்து மென்பொருளில் சராசரி பார்த்தால் அலை மென்மையாகிவிடும். அறுகம்குடாவில் நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

கல்லடியான்: படத்துக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விழும். நகரும் தோணி துண்டு துண்டான நிழலாக வரும். அது தனிப் பேச்சு. வாவிக்கரையாரே, 1/50 நொடி பற்றிய என் கேள்விக்கு விடை எங்கே?

முகத்துவாரத்தான்: தம்பிமாரே, அலையைப் பஞ்சாக்கத்தான் வேண்டுமா? முகத்துவாரத்தில் கடலும் வாவியும் மோதும் இடத்தில் நுரை கீற்றுக் கீற்றாகப் பிரிந்து எழும். வலை வீசுகிறவர் கை ஓங்கி நிற்பார். பத்து நொடி திறந்து வைத்தால் நுரையும் இல்லை, மனிதரும் இல்லை. அந்த வெறும் வெள்ளைப் புகையா நம்முடைய கடல்?

வாவிக்கரை: அப்படிச் சொல்லுங்கள் அண்ணன். கண்காட்சிக்கு என் படம் தெரிவான நாளிலிருந்து இவருக்கு என்மேல் காய்ச்சல். பழைய பாலத்தில் முக்காலியை நட்டு, மோட்டார் சைக்கிள் போகும் அதிர்வோடு எடுத்துவிட்டு நமக்குப் பாடம் நடத்துகிறார்.

கல்லடியான்: நான் நின்றது பாலத்தில் அல்ல, கரையில். படத்தின் கீழ்மூலையில் தாழங்காய் தெரிகிறது. பாலத்திலா தாழை முளைக்கிறது? கண்காட்சியில் உங்கள் படத்தைத் தெரிவு செய்தது யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

பொத்துவிலான்: இடைவெளி என்றீர்களே, தொடர்ச்சியாகச் சுட்டால் அது பெரிதாகத் தெரியாது.

கல்லடியான்: 1/50.

வாவிக்கரை: மாலை ஆறரை மணிக்கு வாவிக்கரைக்கு வாருங்கள். ஃபில்டர் இல்லாமல் எடுத்துக் காட்டுகிறேன்.

கல்லடியான்: ஆறரை மணிப் பேச்சு எனக்குத் தேவையில்லை. நண்பகல் பன்னிரண்டுக்குக் கல்லடிக் கடற்கரைக்கு வாருங்கள், அந்த எஃப் 22ஐ எடுத்துக்கொண்டு.