ஆப்பிள் லேபிள் எல்பி ரெக்கார்ட், ஷெனாய் வருது, ஆனா சுருதி ஆடுது, உதவி பண்ணுங்க

பரண்_பொக்கிஷம்:
வணக்கம் நண்பர்களே, பெரியப்பா வீட்டு பரண்ல ஒரு எல்பி கிடைச்சுது, அட்டை இல்ல. ஒரு பக்க லேபிள்ல முழு பச்சை ஆப்பிள், திருப்பினா வெட்டின ஆப்பிள், 'வொண்டர்வால் மியூசிக்', ஜார்ஜ் ஹாரிசன்னு போட்டிருக்கு. அவர் பீட்டில்ஸ் பேண்ட் ஆளாச்சே, அந்த மாதிரி பாட்டு வரும்னு போட்டா ஷெனாய், தபலான்னு போகுது, பாடற குரலே அபூர்வம். பேரைத் தேடினா ஒயாசிஸ்னு ஒரு இங்கிலாந்து பேண்ட் பாட்டா கொட்டுது. இது என்ன ரெக்கார்ட்? அதோட சத்தம் இழுத்து இழுத்து ஆடுது, வாசிச்சதே அப்படியா இல்ல பிளேயர் கோளாறா? பூசணத்த தொடச்சாச்சு, பெல்ட் புதுசு.

பழையதட்டு:
தம்பி, பத்திரமா வைங்க!! 'வொண்டர்வால்'ங்கற 1968 படத்தோட இசை இது, ஜோ மசோட் டைரக்‌ஷன். தனிமையில இருக்கற ஒரு விஞ்ஞானி சுவத்து ஓட்டை வழியா பக்கத்து வீட்டு மாடல் பொண்ணப் பாத்துக்கிட்டே இருப்பார், ஜேன் பர்கின்தான் அந்தப் பொண்ணு, வசனம் ரொம்பக் கம்மி, அதனால மொத்த கனமும் இசை மேலதான். ஹாரிசன் ஸ்டாப்வாட்ச் வெச்சு சீன் சீனா அளந்து போட்டார். பாதி லண்டன்ல, மீதி 1968 ஜனவரில பம்பாய் எச்எம்வி ஸ்டூடியோல, நம்ம ஊர் வித்வான்கள வெச்சு. பீட்டில்ஸ் ஆரம்பிச்ச ஆப்பிள் ரெக்கார்ட் கம்பெனியோட முதல் எல்பியே இதுதான், ஒயாசிஸ் 1995ல அவங்க பாட்டுக்குத் தலைப்ப எடுத்ததும் இதுலேர்ந்துதான்.

ஊசிமுனை:
ஆட்டத்துக்கு வரேன். 'க்ரையிங்' டிராக்ல வில் போட்டு வாசிக்கற தார் ஷெனாய், அது அழுதுதான் ஆகணும், அத வெச்சு முடிவு பண்ணாதீங்க. முதல் பக்கம் ரெண்டாவது டிராக் பியானோ, அதுல கேளுங்க, பியானோ சுரம் இழுக்காது. தட்டு ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட், அதே கணக்குல ஆட்டம் வந்தா தட்டுலதான் கோளாறு. டோன் ஆர்ம், அதான் ஊசிய தாங்கற கை, மேல கீழ போனா தட்டு வளைஞ்சிருக்கு, பக்கவாட்டுல போயிட்டு வந்தா தட்டோட ஓட்டை சரியா நடுவுல இல்ல.

பரண்_பொக்கிஷம்:
அண்ணே, பியானோவும் ஆடுது, ஆர்ம் பக்கவாட்டுல போயிட்டு வருது!

ஊசிமுனை:
அப்போ சென்டர் விலகியிருக்கு. உருண்டை அரத்தால ஓட்டைய துளியூண்டு, மறுபடி சொல்றேன் துளியூண்டு, பெருசாக்குங்க, தூள் ஊசி ஓடற காடில விழாம துணி போட்டுக்கோங்க. தட்ட விரலால நகர்த்தி நகர்த்தி வெச்சு ஓட விடுங்க, ஆர்ம் அசையாம நிக்கற இடம்தான் சென்டர்.

பரண்_பொக்கிஷம்:
ஆறாவது தடவ நகர்த்தினப்ப நின்னுச்சுண்ணே!! பியானோ கம்பி மாதிரி நிக்குது. 'கத் கிர்வானி' டிராக் ஓடறப்ப பெரியப்பா உள்ளேர்ந்து வந்து உக்காந்து, 'இது நம்ம கீரவாணி ராகம்டா'ன்னு தொடையில தாளம் போட்டார். இப்ப அடுத்த பக்கம் திருப்பறேன்.