ஜிட்டர் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பயிற்றுநர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

பட்டறை இயந்திரங்களைக் கணினி கொண்டு இயக்குவது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் அத்தியாயம், அந்த இயந்திரங்களை இயக்கும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளை ஓட்டுவதற்கான கணினியை எந்தெந்தப் பாகங்கள் வாங்கிச் சேர்ப்பது என்பது. அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

லேட்டன்சி, ஜிட்டர் என்று இரண்டு சொற்கள். முந்தைய பதிப்பில் இரண்டுக்கும் 'தாமதம்' என்றே போட்டிருந்தார்கள். அதை வைத்துப் பாடம் நடத்தியபோது மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'தாமதம் குறையவேண்டும் என்றால் வேகம் வேண்டும்' என்று முடிவுகட்டி, விளையாட்டுக்கு வாங்குவதுபோல மிக வேகமான செயலியும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் பட்டியல் போட்டார்கள். சேர்த்து முடித்துச் சோதனை ஓட்டினால், மூலையில் கிடந்த பழைய அலுவலகக் கணினி அதைவிட நன்றாக நின்றது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. நாங்கள் கொடுத்த சொல் அவர்களைத் தவறான கடைக்கு அனுப்பிவிட்டது.

வேறுபாடு இதுதான். கணினி 25 மைக்ரோநொடிக்கு ஒருமுறை விழித்து ஒரு வேலையைச் செய்யவேண்டும். ஒவ்வொரு முறையும் சரியாக 10 மைக்ரோநொடி பிந்தி விழித்தால் இயந்திரத்துக்கு ஒரு கேடும் இல்லை. ஒருமுறை 3, மறுமுறை 18 என்று மாறிமாறிப் பிந்தினால்தான் சிக்கல். பிந்துவதற்கு ஒரு சொல், பிந்துவது ஒரே அளவில் இல்லாமைக்கு ஒரு சொல், இரண்டும் வேண்டும். 'சுணக்கம்', 'நடுக்கம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

அம்மா, சுணக்கம் சரி. நடுக்கம் வேண்டவே வேண்டாம். பட்டறையில் நடுக்கம் என்றால் வெட்டுளி பொருள்மேல் பட்டு அதிர்வது. 'நடுக்கம் அதிகம்' என்று எழுதினீர்கள் என்றால் பையன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடித்தள போல்ட்டை முறுக்கப் போய்விடுவான். கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. படிபடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. அதை ஓட்டும் டிரைவரில் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தால், சுற்றுக்குக் கணினி அனுப்பவேண்டியது 2000 மின்துடிப்பு. திருகுத்தண்டு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட்டும்போது நொடிக்கு 20,000 துடிப்பு, அதாவது 50 மைக்ரோநொடிக்கு ஒன்று. இப்போது ஒரேயொரு துடிப்பு 20 மைக்ரோநொடி பிந்தி, அடுத்தது சரியான நேரத்தில் வருகிறது என்று வையுங்கள். முதல் இடைவெளி 70, அடுத்தது 30. அந்த 30 மைக்ரோநொடி இடைவெளியில் மோட்டாரிடம் நீங்கள் கேட்பது நிமிடத்துக்கு 5000 மில்லிமீட்டர் வேகம். வேகம் கூடக்கூட மோட்டாரின் முறுக்குவிசை குறையும். அந்த நேரம் பார்த்து இப்படி உலுக்கினால் அது படியைத் தவறவிடும். தவறவிட்டது கணினிக்குத் தெரியாது, ஏனென்றால் திருப்பிச் சொல்ல யாருமில்லை. அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகும், துளை இடம் மாறி விழும்.

சொல் எதுவானாலும் இதைச் சொல்லவேண்டும்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

நண்பர்களே, சுணக்கத்தை அவ்வளவு எளிதில் ஏற்கவேண்டாம். சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மகளிர் மேனியில் படரும் தேமல். பேச்சு வழக்கில் சுணங்குதல் தளர்ந்து பிந்துதல் ஆனது உண்மை. ஆனால் நம் கையிலேயே நல்ல சொல் இருக்கும்போது ஏன் அங்கே போகவேண்டும்?

வள்ளுவரைப் பாருங்கள். 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்'. நெடுநீர் என்பது உடனே செய்யவேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு. லேட்டன்சிக்கு இதைவிட நேரான சொல் வேண்டுமா? வேண்டுமென்றால் இன்னொன்றும் தருகிறேன். 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை'. இங்கே தூங்குதல் கண்மூடி உறங்குவது அல்ல, காலம் நீட்டித்தல். ஆள்பவனுக்குச் சொன்ன 'தூங்காமை கல்வி துணிவுடைமை'யிலும் தூங்காமை என்பது காலந்தாழ்த்தாமை. ரியல்-டைம் என்பதற்கு நிகழ்நேரம் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அது நேரடி ஒளிபரப்பைத்தான் நினைவூட்டுகிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியைக் கருனல் என்கிறீர்கள்; உரிய நேரத்துக்குள் செய்து முடிக்கும் கருனலைத் 'தூங்காக் கருனல்' என்று சொல்லிப் பாருங்கள், பொருள் பளிச்சென்று தெரியும்.

தாமதம் வடசொல். அதை விட்டது நல்லது.

நிரலாளர் எழுதியது:

ஐயா, தூங்குதல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் செயலி உண்மையிலேயே தூங்குகிறது. வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்கச் செயலி படிப்படியாக ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும், சி-ஸ்டேட் என்பார்கள். ஆழம் கூடக்கூட விழிக்கும் நேரமும் கூடும். அதனால்தான் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் சி-ஸ்டேட்டை அணைக்கச் சொல்கிறோம், கூடவே வேகத்தை ஏற்றி இறக்கும் வசதிகளையும், ஒரு செயலிக் கருவை இரண்டுபோலக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கையும். மடிக்கணினி இந்த வேலைக்கு ஒத்துவராததற்கும் காரணம் இதுதான், பேட்டரியைக் காப்பாற்ற அது எந்நேரமும் தூங்கப் பார்க்கும். இப்படி ஒரே சொல்லில் காரணமும் விளைவும் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் என் வாக்கு ஜிட்டருக்குத்தான். மாணவர் திரையில் பார்க்கப்போவது ஆங்கிலச் சொல். சோதனை நிரலில் ஒரு கட்டத்துக்கு மேல் 'மேக்ஸ் ஜிட்டர்' என்று எழுதியிருக்கும், அதன்கீழ் நானோநொடியில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். கையேட்டில் வேறு சொல் இருந்தால் அந்த இரண்டையும் அவர் எப்படிப் பொருத்துவார்? தொல்காப்பியரே 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று வழிவிட்டிருக்கிறார். தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் அது நம் சொல்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

தம்பி, அந்த நூற்பாவை நீங்களே மீண்டும் ஒருமுறை படியுங்கள். 'வடவெழுத்து ஒரீஇ' என்பதுதான் அதன் உயிர். ஜிட்டர் என்பதில் முதல் எழுத்தே ஜகரம். தொல்காப்பியர் வழி வேண்டுமென்றால் 'சிட்டர்' என்று எழுதவேண்டும். சிட்டர் என்றால் பெரியோர். மாணவர் என்ன புரிந்துகொள்வார்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில் நாங்கள் பள்ளியில் 'விலைத் தளம்பல்' என்று படித்தோம். ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குவதுதான் தளம்பல். குடத்து நீர் தளம்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'காலத்தளம்பல்' என்று வைத்தால் புதிதாக எதையும் படைக்கத் தேவையில்லை. அச்சில் ஏற்கெனவே பழகிய சொல், இரு கரையிலும் விளங்கும்.

பட்டறைக்காரர் எழுதியது:

தளம்பல் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு குறை. தளம்பல் என்றதும் மனம் சராசரியைச் சுற்றி ஆடுவதை நினைக்கிறது, 'கொஞ்சம் ஆடினால் என்ன' என்று தோன்றுகிறது. இங்கே சராசரிக்கு மதிப்பே இல்லை. பத்து லட்சம் தடவையில் ஒரேயொரு தடவை தப்பினாலும் அந்த ஒன்றுதான் கணக்கு.

போன மாதம் ஒரு பழைய மேசைக்கணினியைச் சோதித்தேன். கணினிக்குச் சுமை ஏற்ற உலாவியைத் திறந்து, பற்சக்கரம் சுழலும் சின்ன நிரல் ஒன்றை ஏழெட்டுச் சன்னலில் ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் எண் 9,000 நானோநொடியைத் தாண்டவில்லை. மனம் குளிர்ந்துபோய் எழுந்திருக்கும்போது ஒரே தாவலில் 1,40,000. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் கிட்டத்தட்ட அதே நேர இடைவெளியில் ஒரு தாவல். இயங்குதளத்துக்கே தெரியாமல் பலகையின் உள்மென்பொருள் செயலியைப் பிடுங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறது. எஸ்எம்ஐ என்பது அதன் பெயர். கருனலை மாற்றுவதால் மட்டும் பொதுவாக அதைத் தடுக்க முடியாது. பயாஸில் அதற்கான வசதி இல்லையென்றால் அந்தத் தாய்ப்பலகையை ஒதுக்கிவிடவேண்டியதுதான். சோதனையைக் குறைந்தது சில மணிநேரம் ஓடவிடச் சொல்வது இதனால்தான்.

எங்கள் வாயில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பிசகு. 'கால் பிசகிவிட்டது' என்கிறோம். எலும்பு உடையவில்லை, இருக்கவேண்டிய இடத்திலிருந்து நழுவிவிட்டது. துடிப்பும் அப்படித்தான், வராமல் போகவில்லை, தன் இடத்திலிருந்து நழுவி வருகிறது. 'உச்சப் பிசகு' என்று எழுதினால் 'மேக்ஸ் ஜிட்டர்' கட்டத்துக்கு நேராகப் பொருந்தும்.

நிரலாளர் எழுதியது:

பிசகு நன்றாகவே இருக்கிறது. கருனல் பற்றி ஒரு சொல். கருனலை நேரம் தவறாமல் இயங்கவைக்க முன்பு தனியே ஒட்டுப்போடவேண்டியிருந்த பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற மாற்றம், 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12-இலிருந்து மூலக் கருனலிலேயே சேர்ந்துவிட்டது. கையேட்டில் பழைய குறிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், துடிப்பைக் கணினியே உண்டாக்கும் முறைக்கும் தனிக் கார்டு உண்டாக்கும் முறைக்கும் ஒரே வரம்பைச் சொல்லவேண்டாம். இணைத்துறை (பழைய அச்சுப்பொறிகளை மாட்டும் பேரலல் போர்ட்) வழியாகக் கணினியே துடிப்பு அனுப்பினால் உச்சப் பிசகு 15, 20 மைக்ரோநொடிக்குள் இருக்கவேண்டும். மேசா கார்டுபோல ஒன்றை ஈதர்நெட்டில் இணைத்தால் துடிப்பைக் கார்டே உண்டாக்கிக்கொள்ளும். கணினி மில்லிநொடிக்கு ஒருமுறை பேசினால் போதும், 100 மைக்ரோநொடி பிசகினாலும் தாங்கும். இணைத்துறையில் வெளியே போக 12 கம்பி, உள்ளே வர 5 கம்பிதான், அதையும் நினைவில் வைக்கவேண்டும். யுஎஸ்பியிலிருந்து இணைத்துறைக்கு மாற்றும் வடம் வாங்கி ஏமாறவேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள், யுஎஸ்பி நேரத்துக்கு உத்தரவாதம் தராது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

பிசகைக் கேட்டதிலிருந்து மாத்திரையே நினைவில் ஓடுகிறது. 'கண்இமை நொடியென அவ்வே மாத்திரை நுண்ணிதின் உணர்ந்தோர் கண்ட வாறே' என்றார் தொல்காப்பியர். உரைகளில் வரும் பழைய நூற்பா அந்த நொடியையே நான்காகப் பகுக்கிறது: 'உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே'. விரலை நொடிக்க எண்ணுவது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. பட்டறைக்காரர் துடிப்பு என்கிறாரே, அதன் பிறப்பும் இதேபோல்தான். கணினி உன்னுகிறது, துடிப்பு விடுபடுகிறது. உன்னலுக்கும் விடுத்தலுக்கும் இடைப்பட்டது லேட்டன்சி என்றால் 'உன்விடை' என்றே ஒரு சொல் ஆக்கலாம்.

பத்தில் ஒரு நொடி நேரம் கண் இமைத்தாலும் அதற்குள் 25 மைக்ரோநொடி வேலை 4,000 தடவை நடந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அந்தப் பழைய நூற்பாவை இன்னும் மெதுவாகப் படிக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, உன்விடையைக் கேட்டால் 'உன்னுடைய விடை' என்றுதானே எண்ணத் தோன்றுகிறது? வினாத்தாளில் வந்தால் குழப்பம்.

பயிற்றுநர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போது வியாழன் இரவு பதினொன்று. இதுவரை வந்ததில் சுணக்கத்துக்கு நால்வர் ஆதரவு, நெடுநீருக்கு ஒருவர். பிசகுக்கு மூவர், தளம்பலுக்கு ஒருவர். ஐயா பிசகு, தளம்பல் இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறார்.

நேற்று மாலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். எதையும் விளக்காமல் பலகையில் 'சுணக்கம் கூடினாலும் பரவாயில்லை, பிசகு கூடக்கூடாது' என்று மட்டும் எழுதி, ஒரு புதிய பாகப்பட்டியல் கேட்டேன். தனி கிராபிக்ஸ் கார்டு இந்தமுறை யார் பட்டியலிலும் இல்லை. பலகையோடு வரும் காட்சி வசதியே போதும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி, 'வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதனை ஓட்டவிடுவார்களா?' என்று கேட்டாள். பென்டிரைவில் லினக்ஸ்சிஎன்சி போட்டு எடுத்துப்போனால், நிறுவாமலேயே சோதனை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். கையேட்டில் அந்த வரியும் சேர்கிறது.

ஆகவே சுணக்கம், பிசகு. முதல்முறை வரும் இடத்தில் லேட்டன்சி, ஜிட்டர் என்பதும் பக்கத்தில் இருக்கும். 'தூங்காக் கருனல்' உள்ளே போகவில்லை. ஆனால் சி-ஸ்டேட் பற்றிய பத்தியில் 'தூங்குக தூங்கி' குறளை ஓரக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன் ஐயா.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. பிசகு என்றால் பிழை. அட்டவணையில் 'பிசகு: 12,000' என்று பார்க்கும் மாணவர், 'யார் செய்த பிழை?' என்றுதான் முதலில் கேட்பார். குறை என்று ஒலிக்கும் சொல் ஓர் அளவைக்குப் பெயராக இருக்கக்கூடாது. எல்லாக் கணினியிலும் ஓரளவு இருக்கும் இயல்பு அது. எங்கள் பதிப்பு வரும்போது காலத்தளம்பல் என்றே போடுவோம்.

பட்டறைக்காரர் எழுதியது:

போடுங்கள். நான் பிசகு என்றே சொல்வேன். அம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒன்று: 17ஆம் பக்கத்துப் படத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் கணினி வழியாகப் போகிறது. அது நேராக மின்வழியை வெட்டவேண்டும். கணினி தொங்கிப் போனாலும் நிற்கவேண்டும் அல்லவா? அதை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.